எண்ணில்லாக் காரும் எல்லைக் கோடும்: செட்டிநாட்டுச் சான்றுகளுடன் ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

செட்டிநாட்டைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. ஆத்தங்குடிக் கல்லுக்கு எந்த மணல், சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு எவ்வளவு, பர்மாத் தேக்கு எந்த வழியாக வந்தது என்பதெல்லாம் அலசித் தீர்த்தாயிற்று. கேட்பாரற்றுக் கிடப்பது ஒரே ஒரு துறை: எண் வாங்காத புதுக் கார், பூசை முடிந்த கையோடு மாநில எல்லையைத் தாண்டக் கிளம்பும் நிகழ்வு. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களம், பிள்ளையார்பட்டி. காரைக்குடி வட்டாரத்தில் வாங்கும் கார் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது கற்பக விநாயகர் கோயில் வாசலில்தான். பானெட்டில் சந்தனம், குங்குமம். கண்ணாடிக்கு மேலே சாமந்தி மாலை. சீட்டில் பிரிக்காத பிளாஸ்டிக் உறை. நான்கு சக்கரத்தடியிலும் நான்கு எலுமிச்சம்பழம். வண்டி அங்குலம் அங்குலமாக முன்னே நகர்கிறது. மூன்று நசுங்கிவிட்டன. நான்காவது உருண்டு ஓரமாகப் போய்விட்டது. உடனே கூட்டம் கூச்சலிட்டு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி, பழத்தை மறுபடி வைத்து, நசுங்கியதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொள்கிறது. இத்தனை கறாரான பரிசோதனைக்குப் பிறகும், பின்பக்கம் எண் பலகை இருக்க வேண்டிய இடத்தை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

இன்றைய சட்டப்படி எண் பலகை மாட்டாமல் டீலர் புது வண்டியை ஒப்படைக்கவே கூடாது. 2019 திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் காலண்டரில் வளர்பிறை முகூர்த்தம் என்று ஒன்று இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கு வளர்பிறை தெரியாது. இவ்விரண்டு காலக் கணக்குகளும் ஒத்துப்போகாத இடைவெளியில்தான் நமது ஆய்வுப் பொருள் பிறக்கிறது.

2. கார் எப்போது காராகிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 39-ஆம் பிரிவின் சாரம் எளிது: பதிவு செய்யாத, பதிவெண் காட்டாத வாகனத்தை எவரும் ஓட்டக் கூடாது, உரிமையாளர் ஓட்ட விடவும் கூடாது. பணம் கட்டியாயிற்று, சாவி கையில் இருக்கிறது என்பதெல்லாம் இந்தப் பிரிவுக்குப் பொருட்டில்லை.

செட்டிநாட்டு நகரத்தாருக்கு இது புரியாத தத்துவமன்று. இளையாத்தங்குடி, மாத்தூர் தொடங்கி ஒன்பது நகரக் கோயில்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது பதிவுதான். கல்யாணம் ஆனால் கோயிலிலிருந்து மாலை வரும். அந்தத் தம்பதி ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுவார்கள். அன்றுமுதல் புள்ளி வரி. கணவனை இழந்தவர் அரைப்புள்ளி. கல்யாணமாகாதவன் எத்தனை பெரிய வீட்டுப் பிள்ளையானாலும் கணக்கில் புள்ளியில்லை. ஷோரூமில் நிற்கும் கார் அந்தப் பிள்ளையின் நிலையில் இருக்கிறது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தோடு வரும் தற்காலிகப் பதிவை, நிச்சயதார்த்தம் முடிந்த நிலை என்று கொள்ளலாம்: ஊருக்குத் தெரியும், தேதி உண்டு, தேதி தாண்டினால் பேச்சு மாறிவிடும்.

3. கருதுகோள்களும் அவற்றின் வீழ்ச்சியும்

களத்தில் மூன்று கருதுகோள்கள் வழங்கிவருகின்றன.

முதலாவது, எலுமிச்சைக் கருதுகோள். “சாமிக்குப் போற வண்டிய யாருப்பா புடிக்கப் போறாக?” என்பது இதன் சுருக்கம். கார்த்திகை மாதத்தில் மாலை போட்டவர்கள் குமுளி வழியாகச் சபரிமலைக்குக் கிளம்பும்போது இது உச்சத்துக்குப் போகிறது. சட்டத்தில் யாத்திரைக்கு விலக்கு இல்லை. பழனிக்குக் காவடி எடுத்துப் போகும் நகரத்தார் நடந்தே போகிறார்கள். அந்த வழக்கத்தின் சட்டப் பாதுகாப்பு இதுவரை போதிய அளவு வியக்கப்படவில்லை.

இரண்டாவது, ‘ஏ/எஃப்’ கருதுகோள். பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்று வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டிவிட்டால் போதும் என்பது. விண்ணப்பித்திருப்பது பாராட்டத்தக்க செயல்தான். ஆனால் எண் கேட்கும் இடத்தில் செய்தி சொல்வது விடையாகாது.

மூன்றாவதுதான் உள்ளூர்ச் சரக்கு: ‘எங்க வீட்டுக்குள்ள ஓட்டுறேன்’ என்பது. செட்டிநாட்டு வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும் அந்த வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி ஓட்டினாலே கிளட்ச் பழகிவிடும். சொந்த இடத்தில் ஓட்ட எவன் கேட்பது என்ற இந்த வாதம் கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கும். ஆனால் 39-ஆம் பிரிவை எழுதியவர், பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்பதோடு நிறுத்தாமல், வேறு எந்த இடத்திலும் என்று சேர்த்துவிட்டார். தொழிற்சாலை, அடைத்த வளாகம் ஆகியவற்றுக்கென்றே தனியாக வடிவமைத்த வாகனத்துக்கு விலக்குண்டு. ஷோரூம் கார் அந்த வகையில் சேராது. விசாகப்பட்டினம் இரும்பாலை வளாகத்துக்குள் மட்டுமே ஓடிய வாகனங்களுக்கு வரி கேட்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சிலர் இங்கே மேற்கோள் காட்டலாம். அது வரி பற்றிய தீர்ப்பு. பதிவுக்கு அதை இழுப்பது, சம்பந்தி வீட்டுச் சீரைத் தன் கணக்கில் எழுதுவதாகும்.

4. எல்லையின் வரலாறு

மாநில எல்லை என்றால் வாளையாறு, குமுளி, அத்திப்பள்ளி என்றே இன்றைய மனத்தில் தோன்றும். செட்டிநாட்டில் அது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் ஆகியவை பிரிட்டிஷ் இந்தியாவின் இராமநாதபுரம் மாவட்டம். இராயவரம், இராமச்சந்திரபுரம், கோனாப்பட்டு ஆகியவை புதுக்கோட்டை சமஸ்தானம். பெண் எடுத்தது ஓர் ஆட்சியில், பெண் கொடுத்தது இன்னோர் ஆட்சியில். 1948 மார்ச் 3-ஆம் தேதி புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்த பிறகுதான், மாமனார் வீட்டுக்குப் போகிற கார் ஒரே அரசின் எல்லைக்குள் ஓடத் தொடங்கியது.

இன்று காரைக்குடிக்காரர் ஒருவர் எல்லை தொட வேண்டுமானால் மேற்கே மதுரை, தேனி கடந்து குமுளிக்குப் போக வேண்டும். வடகிழக்கே போனால் புதுச்சேரி ஒன்றியத்தைச் சேர்ந்த காரைக்கால். தூரம் கூடக் கூட, சோதனைச் சாவடியும் சுங்கச் சாவடியும் கேமராவும் கூடும். உள்ளூரில் முகம் பார்த்து விட்டுவிடும் போலீஸ்காரர், எல்லையில் முகம் பார்ப்பதில்லை; ஆர்.சி.யைத்தான் பார்ப்பார்.

5. நட்டக் கணக்கு

அபராதத்தை ஐந்தொகையாக எழுதினால் இப்படி வரும். 192-ஆம் பிரிவின்படி முதல் முறை பிடிபட்டால் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. மறுமுறை 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 207-ஆம் பிரிவின்படி வண்டியையே பிடித்து வைக்கலாம். குமுளியில் வண்டியைப் பிடித்து வைத்தால், இருமுடியோடு நிற்கும் ஐவர் பேருந்துக்கு அலைய வேண்டும். பதிவுக்கு விண்ணப்பிக்காமலே இருந்தால் 2019-ல் சேர்த்த 192பி பிரிவு ஆயுள் வரியில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைக் கேட்கும். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். ஒன்பது லட்ச ரூபாய் காருக்கு 1,17,000. அதில் மூன்றில் ஒன்று 39,000.

இதெல்லாம் சில்லறை. பெரிய நட்டம் வேறு பக்கத்தில் இருக்கிறது.

2011-ல் ராஜஸ்தான்காரர் ஒருவர் புது பொலேரோ வாங்கினார். காப்பீடு செய்தது பஞ்சாபில், தொகை ஆறு லட்சத்துக்கு மேல். தற்காலிகப் பதிவு ஜூலை 19-ஆம் தேதியோடு முடிந்தது. ஜூலை 28-ஆம் தேதி அவர் ஜோத்பூருக்குப் போய் ஒரு விருந்தினர் விடுதி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கினார். காலையில் வண்டி இல்லை. காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தது. நுகர்வோர் ஆணையங்கள் அவர் பக்கம் நின்றன. 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு அதை மாற்றியது. நின்றுகொண்டிருந்த வண்டிதானே திருடு போனது, ஓடிக்கொண்டிருக்கவில்லையே என்ற வாதம் எடுபடவில்லை. அங்கே ஓட்டிக்கொண்டுதானே போனார், திரும்பவும் ஓட்டிக்கொண்டுதானே வந்திருப்பார் என்பது நீதிமன்றத்தின் பார்வை. பதிவுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார் என்று காட்டவும் ஒரு காகிதம் இல்லை. ஒன்பது நாள் தாமதத்துக்கு ஆறு லட்சம். 2014-லேயே, தற்காலிகப் பதிவு முடிந்து 22 நாளில் விபத்துக்குள்ளான ஒரு வண்டியின் வழக்கில் இதே வழியில் தீர்ப்பு வந்திருந்தது.

நாளுக்கு எவ்வளவு வட்டி என்று மனக்கணக்காகவே சொல்லும் ஊரில், அந்த ஆறு லட்சத்தை ஒன்பது நாளால் வகுத்து ஒருவர் போட்டுக் காட்டினாலே போதும்.

6. அயலூர் எண்கள்

எண் இல்லாமை ஒரு நோய் என்றால், ஊருக்குப் பொருந்தாத எண் அதற்கு அண்ணன். இரவில் சென்னைக்குப் புறப்படும் ஆம்னி பேருந்தின் பின்புறம் ‘என்.எல்.’ என்று நாகாலாந்து எண்ணைப் பார்க்காத தமிழ்நாட்டுப் பயணி குறைவு. அந்தப் பேருந்துக்குக் கோகிமா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. 2024 ஜூனில் தமிழ்நாடு போக்குவரத்துத் துறை, இப்படி வெளிமாநில எண்ணோடு இங்கேயே ஓடும் 500-க்கும் மேற்பட்ட பேருந்துகளுக்குக் கெடு வைத்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

கார்களுக்கு நாகாலாந்து தேவைப்படவில்லை. புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. 2017-ல் கேரளத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வரி 20 சதவீதம். புதுச்சேரியில் சில பத்தாயிரங்கள். கொச்சியில் ஓடும் சொகுசுக் கார்கள் புதுச்சேரியின் ஏதோ ஒரு வாடகை வீட்டு முகவரியில் குடியிருப்பதாகக் காகிதம் சொன்னது. குற்றப்பிரிவு போலீஸ் அந்தக் கதவுகளைத் தட்டியது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய சோதனை இன்னும் நீண்ட பாதையைக் காட்டியது: பூடானிலிருந்து வந்த பழைய சொகுசுக் கார்கள், இமாசலம் போன்ற மாநிலங்களின் எண்ணோடு கேரளத்தில் ஓடியதாகக் குற்றச்சாட்டு. எலுமிச்சம்பழம் இவற்றுக்கும் வைத்திருப்பார்கள்.

கடல் கடந்து வந்த காருக்கு எண் வாங்கும் முன் இன்னொரு கதவும் இருந்தது. நடிகர் விஜய் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸுக்கு நுழைவு வரி கேட்டதை எதிர்த்து 2012-ல் வழக்குப் போட்டார். 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி வழக்கைத் தள்ளி ஒரு லட்ச ரூபாய் அபராதமும் விதித்தார். அபராதத்துக்கு அந்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு தடை கொடுத்தது. தனி நீதிபதியின் தீர்ப்பில் இருந்த கண்டனச் சொற்கள் 2022 ஜனவரியில் நீக்கப்பட்டன.

7. கொட்டகைக் கார்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் கொட்டகைகளில், தார்ப்பாய் போர்த்திய பாட்டன் காலத்துக் காருக்கும் இந்த ஆய்வில் இடமுண்டு. காகிதம் கறையானுக்குப் போயிருக்கும். ஆனால் வழி இருக்கிறது. முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு தாண்டிய வாகனத்துக்கு 2021 ஜூலை விதிகள் ‘வி.ஏ.’ என்ற தனி எண் வரிசை தருகின்றன. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுச் செல்லுபடி, மறுபதிவுக்கு 5,000. நிபந்தனைகள் கடுமையானவை. தினசரிப் புழக்கம் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுதல், தொழில்நுட்ப ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு மட்டும் வெளியே வரலாம். மாப்பிள்ளை அழைப்பு இப்பட்டியலில் இல்லை. ஊர்வலம் என்று அதை வாதிட முடியுமா என்பதைத் தேர்ந்த வழக்கறிஞரிடம் விட்டுவிடலாம்.

8. மேலும் ஆராய வேண்டியது

ஒரு மாநிலத்தில் முறையாகப் பதிவான கார் இந்தியா முழுவதும் செல்லும். அதற்கு 46-ஆம் பிரிவு. ஆனால் வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும், அதற்கு 47. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை, கே.ஏ. எண் கொண்ட காரை ஊரில் பெற்றோருக்கு விட்டுப்போகும் வீடுகளில் இப்பிரிவுதான் குடும்பப் பேச்சு. அந்தப் பன்னிரண்டு மாதம் எந்த நாளிலிருந்து? நடுவில் ஒருமுறை எல்லை தாண்டித் திரும்பினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குமா? கிருஷ்ணகிரி, ஓமலூர், லெம்பலக்குடி என்று சாவடி சாவடியாக நேரம் குறிக்கும் ஃபாஸ்டேக் பட்டியல்தான் இத்துறையின் மூல ஆவணம்.

“அப்பச்சி, பதினோராம் மாசம் முடியப் போகுது. வண்டிய எடுத்துக்கிட்டு ஒருதடவ ஓசூரத் தாண்டி வந்துட்டுப் போயிருங்க.”

“வாறேன். டீசலு, டோலு, வழியில சாப்பாடு எல்லாம் கூட்டி, இங்கன கட்டுற வரியோட ஒத்துப் பாத்துட்டுச் சொல்றேன். நீ அங்க கட்டுன வரி திரும்பி வருமான்னு கேட்டு வையி.”