அப்படியே உங்க மூக்கு

நேற்று வடசென்னை சுங்கச்சாவடியில் ஷேர் ஆட்டோ ஏறினோம். எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மா எங்கள் பையனை உற்றுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், தீர்ப்பு சொன்னார்: "அப்புடியே ஒங்க மூக்குப்பா!"

எனக்கும் அந்த மூக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு எங்கள் வீட்டுக்கு வந்த மூக்கு அது.

வளர்ப்புப் பராமரிப்பு என்றால் என்ன, யார் விண்ணப்பிக்கலாம், திண்டாடினால் யாரிடம் போவது என்று நாலு பேருக்கு உபயோகமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுகிறேன். முதலில் இந்த மூக்கு விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

நாம் எல்லோரும் செய்வதுதான். தொட்டிலை எட்டிப் பார்த்ததும் நெற்றி யாருக்கு, காது யாருக்கு என்று பாகப்பிரிவினை நடத்தி முடிக்காமல் குழந்தை கையில் ரூபாய் நோட்டை வைக்கமாட்டோம். ஆனால் பங்காளியே இல்லாத இடத்தில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஆரம்பித்து வைத்தவர் காலடிப்பேட்டை அத்தை. எல்லாம் தெரிந்தவர். பையன் வந்த அன்றே வந்து, உத்தரவின் நகலையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "நெத்தி அப்புடியே எங்க அண்ணன்" என்றார். அண்ணன் என்றால் என் அப்பா. மனைவி வீட்டார் சும்மா இருப்பார்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மச்சான் வந்து காதைக் கைப்பற்றினார். போதாது என்று, நடையும் அவர் அப்பா நடையாம். என் மாமனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். காலில் அடிபட்டுக் கடைசி வரை சாய்ந்து சாய்ந்து நடந்தார். பையன் நேராக நடக்கிறானே என்றேன். "அடிபட்றதுக்கு முன்னாடி நடந்த நடை மாப்ள" என்றார்.

காசிமேட்டில் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா நாக்கை எடுத்துக்கொண்டார். "வஞ்சிரத்த வுட்டுட்டு காரப்பொடி கேக்குது பாரு. ஒங்கம்மா நாக்கு!" முடிவெட்டுபவர் தலையைத் திருப்பி இரட்டைச் சுழியைக் காட்டி, "ஒங்களுக்கும் இப்பிடித்தானே சார் இருந்துது?" என்றார். என் தலையில் இப்போது சாட்சியம் எதுவும் மிச்சமில்லை என்ற தைரியம் அவருக்கு. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். லாரி நகர்வதற்குள் பையனின் புருவம், கன்னம், தோள்பட்டை எல்லாம் பக்கத்து சீட்டுக்காரர்கள் பொறுப்பில் போய்விடும்.

பையன் விவரமானவன். ஒருநாள் வகுத்தல் கணக்கெல்லாம் தப்பு. ஏண்டா என்றேன். "தாத்தா கணக்குல வீக்காம். அத்தைப் பாட்டி சொன்னாங்க."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44வது பிரிவுதான் வளர்ப்புப் பராமரிப்புக்கு ஆதாரம். மத்திய அரசின் மாதிரி நெறிமுறைகள் 2016இல் வந்தன, 2024இல் திருத்தப்பட்டன. இப்போது திருமணம் ஆகாதவர்களும் வளர்க்கலாம். ஆண் என்றால் ஆண் குழந்தையை மட்டும். தம்பதி என்றால் இருவர் வயதையும் கூட்டிக் குறைந்தது 70 வர வேண்டும். அதில் எங்களுக்குச் சிரமமில்லை. இரண்டாண்டு 'நிலையான' மணவாழ்க்கையும் வேண்டும் என்று படித்தபோது மனைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை, வீட்டாய்வு எல்லாம் உண்டு. மூக்கைப் பற்றி ஒரு பத்தியும் இல்லை.

வீட்டாய்வுக்கு வந்த பெண், "ஒரு கஷ்டம்னா ஒங்களுக்கு ஆதரவா யார் இருக்காங்க?" என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்: அத்தை, மச்சான், எதிர்வீடு.

போன மாதம் அந்த எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியைப் பையனின் பந்து உடைத்தது. கண்ணாடிச் சில்லைப் பெருக்கி முடிப்பதற்குள் நெற்றி திரும்பி வந்துவிட்டது. "என்ன இருந்தாலும் யார் பெத்ததோ" என்றார் அத்தை. மச்சான் காதைப் பற்றி அதன் பிறகு பேச்சே எடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர், "அதான் கவர்மென்டு மாசம் நாலாயிரம் தருதாமே, அதுல குடு" என்றார். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் என்று இருப்பது உண்மைதான். அந்தக் கண்ணாடியையும் ஸ்கூல் ஷூவையும் ஒரே மாதத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு அவர் பேசட்டும்.

இத்தனை பங்காளிகள் இருக்கும் இதே வட்டாரத்தில்தான், 2020 ஜூனில் ராயபுரம் அரசுக் குழந்தைகள் இல்லத்தில் 35 சிறுவர்களுக்குக் கொரோனா வந்தது. உச்ச நீதிமன்றமே அறிக்கை கேட்டது. அவர்களில் யாருக்காவது தங்கள் வீட்டு நெற்றி இருக்கிறதா என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. நான் மட்டும் என்ன, வீட்டில் உட்கார்ந்து டிவியில்தான் பார்த்தேன்.

"அவங்கம்மா வந்து கேட்டா குடுத்துடுவியா?" என்பது அடுத்த கேள்வி. அதுவும் அவன் காதில் விழும்படி. சொந்தக் குடும்பம் தேறினால் அங்கே திரும்புவதுதான் ஏற்பாடே. முடிவு குழுவின் கையில். திரும்ப வழியில்லை என்றால், இரண்டாண்டு வளர்த்தவர்கள் தத்தெடுக்கவும் கேட்கலாம். இதைத் தெருவில் எல்லோருக்கும் விளக்கிவிட்டேன். கேட்டுவிட்டு, "பாவம், நீ" என்கிறார்கள். பாவப்பட வேண்டிய ஆள் நான் இல்லை.

விண்ணப்பத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும். அவசரம் என்றால் 1098.

பையன் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் நான் எழுதாததற்குக் காரணம் அதே சட்டத்தின் 74வது பிரிவு. இப்படிப்பட்ட குழந்தை யார் என்று தெரியும்படி பத்திரிகையிலோ வேறு தொடர்பு வழியிலோ வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'வேறு தொடர்பு வழி' என்ற இடத்தைப் படித்ததும் எனக்கு அத்தை ஞாபகம்தான் வந்தது. அவன் எந்த இல்லத்திலிருந்து வந்தான், அவன் அப்பா என்ன ஆனார் என்பதெல்லாம் தேரடி வரைக்கும் போயிருந்தது. சட்டத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன்.

முழுக்கக் கேட்டார். "நான் எந்தப் பேப்பர்ல போட்டேன்? நம்ம ஆளுங்க கிட்டதானே சொன்னேன்" என்றார்.