தொட்டுக்க மட்டும்
விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ப்யூஸ் கட்டை செய்கிறார்கள். கரண்ட் எகிறினால் கம்பி உருகும், வீடு தப்பும். மனுஷ உடம்புக்கு அந்த வசதி இல்லை. பிரஷர் ஏறுவதே பலருக்குத் தெரிவதில்லை.

அதனால்தான் 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வாசலுக்கே மாத்திரை கொண்டு வருகிறது. கூடவே புத்திமதியும்: "உப்பைக் குறைங்க பாட்டி." உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன்கூட முழுசாக வராது.

"சோத்துல உப்பே போடறதில்ல பாப்பா." சத்தியமான பேச்சு. தட்டில் கருவாடு, அப்பளம். பக்கத்தில் பீங்கான் ஜாடி நிறைய உப்புப் பூத்த நார்த்தங்காய். அதெல்லாம் கணக்கில் சேராதாம், தொட்டுக்கத்தானே!

மாத்திரையா? அதுவும் பத்திரமாக இருக்கிறது. ஜாடிக்குப் பின்னால், அட்டை பிரிக்காமல்.