பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்க விரும்புவோர் கவனத்துக்கு

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று முடிவெடுத்தவுடன் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், வீட்டைப் பள்ளிக்கூடமாக மாற்றுவது. பாரிமுனைக்குப் போய்க் கரும்பலகை, சாக்பீஸ் பெட்டி, உலகப் படம், ஒரு கைமணி எல்லாம் வாங்கி வாருங்கள். கூடத்தில் ஒட்டும்போது தென் அமெரிக்கா ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்விடும், பரவாயில்லை. 9 மணிக்குக் கணக்கு, 9.45க்கு அறிவியல் என்று கலர் கலராக அட்டவணை எழுதித் தொங்கவிடுங்கள். சில வாரம் ஓடும். பிறகு கரும்பலகையில் ஈரத்துண்டு காயும். பையன் படிக்க ஆரம்பிப்பது அதற்கப்புறம்தான். அதைக் கண்டும் காணாமல் இருப்பதற்குத்தான் பெற்றவர்களுக்குப் பயிற்சி வேண்டும்.

உதாரணத்துக்கு, மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறது, பிளம்பர் வருகிறார். பையன் அவர் பின்னாலேயே ஏறிப் போகிறான். "தம்பி, தண்ணி ஏறினா இந்தப் பந்து மேல வரும். பந்து மேல வந்தா வால்வு வாயை அடைச்சிரும். அவ்ளோதான்." பையன் பந்தை அமுக்குகிறான், தண்ணீர் கொட்டுகிறது. விடுகிறான், நிற்கிறது. மறுபடி அமுக்குகிறான். "பந்து ஏண்ணே முழுகல?" "உள்ள காத்துடா." சட்டை முழுக்க நனைந்து, மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்கி வருகிறான். சாயங்காலம் அப்பா ஆபீசிலிருந்து வந்து, "இன்னைக்கு என்ன படிச்சே?" என்பார். "ஒண்ணுமில்லப்பா" என்பான்.

இந்தச் சங்கடத்தைத் தவிர்க்க ஒரு நோட்டுப் போடுங்கள். "இயற்பியல்: மிதப்பு விசை, செய்முறை." இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்த நாளில், "நுண்ணுயிரியல்: லாக்டிக் அமில பாக்டீரியா." தங்கச்சியோடு சோபாவுக்கு அடிதடி நடந்தால், "சமூக அறிவியல்: எல்லைத் தகராறு." அப்பாக்கள் இந்த நோட்டைப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஆனால் கரண்ட் பில்லை மட்டும் பாடமாக வைக்காதீர்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் விலை ஏறும் என்பது ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் உங்கள் நிம்மதி போயிற்று. தினமும் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, மே மாத நடுராத்திரியில் ஏசியை அணைப்பான். கணக்குச் சரியாகத்தான் இருக்கும். அதுதான் தொந்தரவே.

அடுத்தது உறவினர்கள். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த மாத்திரத்தில் ஒவ்வொரு பெரியப்பாவும் கல்வி அதிகாரி ஆகிவிடுவார். "ஏழெட்டு எவ்வளவுடா?" பையன் சொல்லிவிட்டால் பதிமூணாம் வாய்ப்பாட்டுக்குத் தாவுவார். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை யாரும் பந்தியில் வைத்துச் சோதிப்பதில்லை. "இது சட்டப்படி தப்பில்லையா?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது; சேர்க்காதவருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை; வீட்டுக்கல்வி பற்றி வாயே திறக்கவில்லை. இதையெல்லாம் விளக்கப் புறப்படாதீர்கள், பாயசம் ஆறிவிடும்.

"வெளிநாட்டுக்காரனைப் பார்த்துக் காப்பி அடிக்கிறீங்க" என்பவரிடம் காந்தியை எடுத்து விடலாம். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையில் அவரே வாத்தியார். கப்பலிலும் சிறையிலும் ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேட்டை வைத்துக் கற்ற அரைகுறைத் தமிழை, அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்தார். ஆனால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். தன்னை முறையாகப் படிக்க வைக்கவில்லை என்று மூத்த மகன் ஹரிலால் கடைசிவரை வைத்திருந்த மனக்குறை எதிராளிக்குத் தெரிந்திருந்தால், உடனே எழுந்து காப்பி கொண்டுவரப் போய்விடுங்கள்.

"நாலு பேரோட பழக வேண்டாமா?" இதைக் கேட்காதவர் இல்லை. உங்கள் பையன் வாட்ச்மேனிடம் பழகுவான், இஸ்திரிக்காரரிடம் பழகுவான், தெருவில் எந்த வீட்டுக்கு யார் பெண் பார்க்க வந்தார்கள் என்பதுவரை தெரிந்து வைத்திருப்பான். நம் வீட்டுச் சங்கதியும் அதே வழியில் வெளியே போகும். அவனுக்குக் கிடைக்காதது அவன் வயதுப் பிள்ளைகள்தான். அவர்கள் மூன்றரைக்கு வருவார்கள். நாலு மணிக்கு டியூஷன், ஐந்தரைக்கு அபாகஸ், அப்புறம் இந்தி, சனிக்கிழமை கீபோர்டு. பந்தை வைத்துக்கொண்டு கீழே காத்திருப்பவன் பள்ளிக்கே போகாத உங்கள் பிள்ளை. பழகத் தெரியாதவன் என்று பெயர் வாங்குபவனும் அவனே.

சான்றிதழ் கவலைக்கு 1989இல் தொடங்கிய என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்பு எழுதலாம். ஒரு மொழியாவது சேர்த்து ஐந்து பாடம். ஓவியமும் மனையியலும்கூட எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு, பதிவு ஐந்து ஆண்டு செல்லும். சித்தியிடம் பெயரைச் சொல்லும்போது வேகமாகச் சொல்லுங்கள். "அது எங்க இருக்கு, மடிப்பாக்கமா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுங்கள். ஓவியம் ஒரு பாடம் என்பதை மட்டும் உளறிவிடாதீர்கள்.

இத்தனையும் தாண்டி ஒருநாள், "எனக்கும் வேன்ல போகணும், ஸ்கூல்ல சேத்து விடுங்க" என்பான். பதறாதீர்கள். அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, இடையில் வரும் பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பையும் தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்து அழைத்துப் போங்கள். விண்ணப்பத்தில் 'முன்பு படித்த பள்ளி' என்ற இடத்தில் ஒரு கோடு போதும். 'இதுவரை பள்ளியில் சேர்க்காததற்குக் காரணம்' என்று கேட்டு நாலு வரி இடம் விட்டிருந்தால், அதை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து நிரப்பித் தருவார்.