காலிஃபிளவருக்கும் காற்றோட்டம்

கேள்வி: ஓவனில் வறுக்கும் காலிஃபிளவர் அவித்ததுபோல் தொளதொளவென்று வருகிறதே, ஓவன் கோளாறா?

பதில்: ஓவனை விடுங்கள், தட்டைப் பாருங்கள். காலிஃபிளவரில் நூற்றுக்குச் சுமார் 92 பங்கு தண்ணீர். ஈரம் இருக்கும்வரை பூவின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. 1912இல் பிரெஞ்சுக்காரர் மையார் விவரித்த, பொன்னிறமும் வாசனையும் தரும் வேதிவினையோ 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் பிடிக்கும். முழுப் பூவையும் ஒரே தட்டில் அடைத்தால் ஆவி போக வழியின்றி அங்கேயே சுற்றும். அதாவது, 220 டிகிரி ஓவனுக்குள் நீங்கள் இட்லிக் கடை நடத்துகிறீர்கள். கழுவிய பூவை ஈரம் போகத் துடைத்து, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் புரட்டி, வெட்டிய பக்கம் தட்டில் படும்படி, ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். சுமார் 25 நிமிடம் போதும். எண்ணெயைக் கூட்டினால் ஆகாதா என்பீர்கள். எண்ணெய் சூட்டைக் கடத்தும். நெருக்கத்தில் சிக்கிய ஆவியை வெளியேற்றாது. இப்படிப் பரப்பினால் ஆறு பேருக்கு எப்படிக் காணும் என்பது நியாயமான ஆட்சேபம். இரண்டு தட்டு வைத்து, பாதியில் மேல் கீழாக மாற்றுங்கள். தட்டு ஒன்றுதான் என்றால் இரண்டு ஈடாக எடுங்கள். இரண்டாவது வேகும்வரை முதல் ஈடு மிஞ்சுமா என்பது உங்கள் குடும்ப விவகாரம்.