தீம் பார்க்கில் பை பார்த்துக்கொள்பவர்: ஒரு திணை ஆய்வு

தீம் பார்க்குக்கு முதன்முறையாகச் செல்லும் பெரியவர் என்பவர், நாற்பது வயதைக் கடந்து, பேரன் பேத்தியையோ அண்ணன் மக்களையோ சாக்காக வைத்து அங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டவர். தானாக ஆசைப்பட்டு வந்தவர் இந்த வகையில் சேரார். அப்படி ஒருவர் இருப்பதாக யாரும் ஒப்புக்கொள்வதும் இல்லை. கோவையை அடுத்த மதுக்கரையிலிருந்து மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் பூங்காவுக்குக் கிளம்பும் குடும்பங்களில் இவ்வினம் செழித்துக் காணப்படுவதால், ஆய்வுக்கு அந்த வழித்தடமே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இவ்வினம் தோன்றக் காரணம் காலக்கணக்கு. அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் 1955-லேயே திறந்தாயிற்று. தமிழ்நாட்டிலோ தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது 1995-இல். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கொச்சியில் வீகாலாண்ட் வந்தது 2000-இல். ஆகவே 1970-களில் மதுக்கரையில் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்தவருக்கு, ஆசைப்படும் வயதில் பூங்கா இல்லை. பூங்கா வந்தபோது ஆசையை வெளியே சொல்லும் வயது இல்லை. அவருக்கு வாய்த்தவை மாரியம்மன் நோம்பிக்கு வரும் மர ராட்டினமும், கோவை சிறை மைதானத்துப் பொருட்காட்சியும்தான். மர ராட்டினத்துக்கு மோட்டார் கிடையாது, சுற்றிவிடுகிறவரின் கைதான். அவர் பீடி பற்றவைக்க நின்றால் ஆட்டம் முடிந்தது. இந்த அனுபவத்தைக் கொண்டுதான் பெரியவர் பிற்காலத்தில் டிக்கெட் விலையை எடைபோடுகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

எந்தப் பூங்கா என்பது அடுத்த சிக்கல். சிறுவாணி ரோட்டில் கோவை கொண்டாட்டம் இருக்கிறது. வாளையாறு தாண்டினால் மலம்புழாவில் ஃபேண்டசி பார்க் இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு உக்கடம், துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று ஊரையே தெற்கு வடக்காகக் கடந்து மேட்டுப்பாளையம் போவானேன்? விடை தேக்கம்பட்டியில் கிடைக்கிறது. பவானிக் கரையில் வனபத்ரகாளியம்மன் கோவில் கொண்டிருக்கிறாள். பங்காளி வீட்டுக் கெடா வெட்டுக்கோ, வெறும் கும்பிடுக்கோ அங்கே போவதில் எந்தப் பெரியவருக்கும் கூச்சம் இல்லை. "அம்மனுக்குப் போறோமுங்க, அப்படியே பசங்க கேட்டாங்கன்னு..." என்று வாக்கியம் முடியாமல் நிற்கும் இடத்தில்தான் தீம் பார்க் தொடங்குகிறது. பக்கத்தில் கோவில் இல்லாத பூங்காவுக்குப் பெரியவர்களை அழைத்துச் செல்வது கடினம் என்பது இவ்வாய்வின் முதல் துணிபு.

இனி இந்நிலத்தின் திணையை வரையறுக்கலாம். நீலகிரி அடிவாரத்தில் இருப்பதால் குறிஞ்சி என்று தோன்றும். செயற்கை அலை அடிப்பதால் நெய்தல் என்று வாதிடுவாரும் உளர். செருப்பைக் கழற்றிவிட்டு நண்பகலில் அந்தச் சிமென்ட் தரையில் பத்தடி நடந்தவர்கள் மட்டும் பாலை என்பதில் உறுதியாக இருப்பார்கள். பெரும்பொழுது முழுஆண்டுப் பரீட்சை லீவு. சிறுபொழுது டிக்கெட் கவுன்ட்டர் திறந்தது முதல் சாயங்காலம் விசில் ஊதும் வரை. கருப்பொருள்களில் உணவு டெல்லி அப்பளம், பறை சைரன், விலங்கு, பையையே பார்த்துக்கொண்டிருக்கும் குரங்கு. உரிப்பொருள் தயங்கலும் தயங்கல் நிமித்தமும்.

தயக்கத்தின் முதல் வடிவம் உடை பற்றியது. தண்ணீர்ப் பூங்காக்களில் பொதுவாகப் பருத்தித் துணிக்கு அனுமதி இல்லை, நைலான் உடைதான். இது வெறும் கெடுபிடி அல்ல. பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். தொங்கும் துணி சறுக்கின் இணைப்புகளில் மாட்டும். நனைந்த வேட்டி கட்டியவரையே கீழே இழுக்கும். காரணம் இவ்வளவு நியாயமாக இருந்தும், வாடகைக்குக் கிடைக்கும் கால்சட்டையை விரித்துப் பார்த்த பெரியவர் அதைப் பேரனுக்கு எடுத்தது என்றே முதலில் கருதுகிறார். தனக்கு என்று தெரிந்ததும் அவர் சொல்லும் வாசகம் கொங்கு நாடு முழுக்க ஒன்றுதான்: "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நா பையப் பாத்துக்கறேன்."

இங்கே பை பார்த்தல் என்னும் பதவி உருவாகிறது. லாக்கர் இருக்கிறதே என்ற ஆட்சேபம் எழும். எழுந்த வேகத்தில் அடங்கியும் விடும். "அதுக்கொரு வாடகை எதுக்குங்க குடுக்கோணும், நா சும்மாதான உக்காந்திருக்கறேன்?" என்ற வாதத்துக்கு இதுவரை எந்த மருமகளும் பதில் கண்டுபிடிக்கவில்லை. டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை லாக்கர் வாடகையைப்போலப் பல மடங்கு என்பதும், அந்த டிக்கெட்டோடு ஒருவர் நாள் முழுக்க நாற்காலியில் உட்காருவதுதான் உண்மையான நட்டம் என்பதும் கணக்கில் வருவதில்லை. பதவியேற்றவரின் மடியில் மூன்று செல்போன், ஒரு மூக்குக் கண்ணாடி, நான்கு ஜோடிக் கொலுசு, தலைதுவட்டும் துண்டு ஆகியவை சேர்கின்றன. அவர் முகத்தில் ஒரு இறுக்கம் படிகிறது. சென்னை விஜிபி தங்கக் கடற்கரையில் வருகிறவர்கள் என்ன சேட்டை செய்தாலும் சிரிக்காமல் நிற்கும் சிலை மனிதர் பேர்போனவர். அவருக்குச் சம்பளம் உண்டு. பை பார்ப்பவர் இதைச் சம்பளம் இல்லாமல் செய்கிறார்; தன் குடும்பமே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சறுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தும் உதட்டை அசைப்பதில்லை.

இப்பதவி பறிபோகும் இடம் அலைக்குளம். கொங்கு நாட்டில் நெய்தல் கிடையாது. கணவாய் வழியாக மேற்குக் கடற்கரை வணிகம் நடந்ததற்கு மதுக்கரைக்குப் பக்கத்து வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகள் சாட்சி; அதாவது கடலின் வரும்படி வந்தது, கடல் வரவில்லை. அந்தக் குறையை இப்போது பெரிய மின்விசிறிகள் தீர்க்கின்றன. குளத்தின் ஆழமான முனையில், சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும். விசிறி காற்றை அந்த அறைகளுக்குள் விட்டுவிட்டு அழுத்த, உள்ளிருக்கும் தண்ணீர் தாழ்ந்து உயர்ந்து வெளியே அலையாகப் புறப்படுகிறது. தரை சரிவாக இருப்பதால் ஆழம் குறையக் குறைய அலை எழும்பி, கரையோரத்தில் உடைகிறது. அலை வருமுன் சைரன் ஒலிக்கும்.

சைரன்தான் முக்கியம். மதுக்கரை சிமென்ட் ஆலை ஊர்; கோவையோ மில் ஊர். சங்கு ஊதினால் எழுந்து உள்ளே போக வேண்டும் என்பது இத்தலைமுறையின் எலும்பில் இருக்கிறது. அலைக்குளத்துச் சைரன் கேட்டதும் பெரியவர் ஏன் எழுகிறார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. எழுந்தவர் "சும்மா கால நனைச்சுட்டு வர்றேன்" என்கிறார். முதல் அலை முழங்காலுக்கு வருகிறது. "அப்புச்சி, இன்னுஞ் சித்த உள்ள வாங்க!" என்று பேத்தி கையைப் பிடிக்கிறாள். அடுத்த சைரனுக்கு அவர் கழுத்தளவு நீரில், கண்ணாடி இல்லாத முகத்தோடு, முன்பின் தெரியாத இன்னொரு அப்புச்சியின் தோளைப் பற்றிக்கொண்டு நிற்பார். பை இந்நேரம் லாக்கரில் இருக்கும். வாடகை பற்றிப் பேச்சு எழாது.

ரோலர் கோஸ்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நியூயார்க் கோனி தீவில் 1884-இல் லாமார்க்கஸ் தாம்சன் அமைத்த முதல் வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 10 கி.மீ. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறத் தொடங்கிய மலை ரயிலும் ஏறக்குறைய அதே வேகம்தான்; கல்லாறு தாண்டிப் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு அது ஏறுவதைப் பார்த்து யாரும் அலறியதில்லை. இன்றைய வண்டி பத்து மீட்டர் உயரத்திலிருந்து நேரே விழுந்தாலே, உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், மணிக்கு 50 கி.மீ. தொடும். அந்த ஒரு நொடியில் உடலும் இருக்கையும் சேர்ந்தே விழுவதால் இருக்கை தாங்கும் அழுத்தம் அற்றுப்போகிறது. வயிறு மேலே வருவதுபோல் தோன்றுவது அதனால்தான். ஏறும்முன் பெரியவர் இயக்குபவரிடம், "ஏனுங் தம்பி, இது கழண்டுக்காதுங்களே?" என்று மட்டும் கேட்கிறார். இறங்கும்போது அவர் வாயில் இருப்பது மருதமலை முருகன் பெயர். இதை அலறல் என்று அவர் ஏற்பதில்லை. வழியில் கும்பிட்டது என்கிறார்.

திரும்பும் வழியில் காரமடை வருவதற்குள் அவர் தூங்கிவிடுகிறார். ஈரத்துணி கட்டிய கேரி பேக் காலடியில் கசியும். வீட்டில் விசாரிப்பவர்களுக்குத் தரும் வாக்குமூலத்தில் அம்மன் தரிசனம் விரிவாகவும், தக்காளி சாதத்தை உள்ளே விடாத கேட்காரர் அதைவிட விரிவாகவும் இடம்பெறுவர். அலைக்குளம் ஒரு வரி: "பரவால்லீங்க, பசங்க ஆசப்பட்டாங்க." மறுநாள் தோளும் தொடையும் பிடித்துக்கொள்ளும், தைலம் தேய்க்கச் சொல்லும்போது பழி மேட்டுப்பாளையம் பஸ்ஸின் சீட்டின்மேல் போடப்படும்.