ஆயாவின் டச்சு நாற்காலி

பழவேற்காட்டுத் தோணிரேவில் ஒரு சாமான் ஆடாமல் அசையாமல் ஒரு வாரம் ஒரே இடத்தில் இருந்தால் அதற்குப் பெயிண்ட் அடித்துவிடுவோம். படகுக்கு அடித்தது போக டப்பாவின் அடியில் கால் லிட்டராவது மிஞ்சும். மூடி வைத்தால் ஆடை கட்டிவிடும். கொட்ட மனசு வராது. அந்த நேரத்தில் கண்ணில் எது படுகிறதோ அதற்கு யோகம். கதவு, ஜன்னல், தண்ணீர்ப் பானை வைக்கிற முக்காலி, அரிசிப் பெட்டி என்று போய், ஒருமுறை எதிர்வீட்டு ஆட்டுக் கொட்டகையின் கால்கூட மாட்டிக்கொண்டது. எந்த வீட்டு நாற்காலியைப் பார்த்தாலும் அந்த வீட்டுப் படகு போன வருஷம் என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். வீட்டுக்காரர் எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்குப் போனார் என்பதையும் சில வீடுகளில் சேர்த்துச் சொல்லலாம்.

எங்கள் ஆயாவின் நாற்காலிக்கு மேல்பூச்சு நீலம். கைப்பிடியில் உள்ளங்கை படுகிற இடத்தில் நீலம் தேய்ந்து பச்சை, பச்சை தேய்ந்து காவிச் சிவப்பு, அதன் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு மரம். வெற்றிலை மெல்லும்போதெல்லாம் ஆயா அந்த மரத்தை மட்டும் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருக்கும். தாத்தாவுக்கு அந்த நாற்காலி எப்படிக் கிடைத்தது என்பதற்கு வீட்டில் மூன்று கதைகள் உண்டு. மூன்றையும் சொன்னது ஆயாதான்.

என் மனைவியின் தம்பி சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். வாரம் முழுக்கச் சுழல் நாற்காலியில் சுற்றுவதாலோ என்னவோ, மரத்தில் நாலு கால் உள்ள எதைக் கண்டாலும் விடமாட்டான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆபீசில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போவான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர்கள் அவனைக் கண்டதும் டீ சொல்வார்களாம். அந்த டீ யார் கணக்கில் என்பது பில்லைப் பார்த்தால் புரியும். அவன் வீட்டில் பார்ப்பதற்கு நாற்காலிகள் ஏராளம். வந்தவர்கள் உட்காரப் பாய் போடுவார்கள்.

போன ஐப்பசியில் இறால் சாப்பிட வந்தவன், ஆயா எழுந்து உள்ளே போன நேரம் பார்த்து நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தான். அடிச்சட்டத்தை நகத்தால் சுரண்டினான். முகர்ந்து பார்த்தான். நாக்கை நீட்டுமுன் என் மனைவி தடுத்துவிட்டாள்.

“மாமா, இது டச்சு” என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை வியாபாரத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள். துணி ஏற்றினார்கள், வெடிமருந்து செய்தார்கள், ஆளைப் பிடித்து அடிமையாகவும் விற்றார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர்தான். கல்லறைத் தோட்டம் மட்டும் மிச்சம். அதன் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று விருந்தாளிகளை வரவேற்கும். ஆனால் டச்சுக்காரர்கள் போன பிறகு ஊரில் பழசாக எது கிடைத்தாலும் டச்சு. வளைந்த ஆணி டச்சு. உடைந்த செங்கல் டச்சு. தெருவில் வழிந்த சாக்கடையைக்கூட டச்சுக்காரன் கட்டியது என்று பஞ்சாயத்தில் சொல்லித் தப்பித்தவர்கள் இருக்கிறார்கள்.

மறுவாரம் மச்சான் பொன்னேரி ஹார்ட்வேர் கடையைப் பாதி காலி செய்துகொண்டு வந்திறங்கினான். பெயிண்ட் ரிமூவர், பட்டித் தகடு, 80, 120, 220 என்று மூன்று நம்பரில் உப்புத்தாள், ஸ்பிரிட், அரக்குச் செதில். முகத்தில் மாஸ்க். அந்த மாஸ்க் மட்டும் உருப்படியான காரியம். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர உலரத் தேய்த்தால் தூள் மூக்கு வழியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ரிமூவர் தடவி, பெயிண்ட் உப்பி எழுந்ததும் தகட்டால் வழித்துவிட வேண்டும். மிச்சத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது.

குழந்தைகளை விரட்டிவிட்டோம். பெரியவர்களை விரட்ட முடியவில்லை. ஏரியில் வலைபோடப் பாடு பிரித்துக்கொள்வதுபோல, யோசனை சொல்லவும் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் காஸ்டிக் சோடா என்றார். அதைப் போட்டால் பெயிண்ட் போகும், கூடவே மரம் கறுக்கும், கை வேகும். இன்னொருவர் வைக்கோல் கொளுத்தி வாட்டச் சொன்னார். ஒரு வயசான ஆசாரி மட்டும் வாய் திறக்கவில்லை. உடைந்த ஜன்னல் கண்ணாடிச் சில்லு ஒன்றைப் பொறுக்கி, விளிம்பைச் சாய்த்துப் பிடித்து, ரேகை ஓடுகிற பக்கமாக ஒரே இழுப்பு இழுத்தார். நீலமும் பச்சையும் காவியும் ஒட்டிக்கொண்டு ஒரு முழ நீளத்துக்குச் சுருளாக எழுந்து வந்தது. மச்சான் அதைப் பாலித்தீன் கவரில் போட்டுப் பத்திரப்படுத்தினான். ஆயா கவரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “அந்தப் பச்சை, உங்க மாமன் பொறந்த வருஷம் அடிச்சது” என்றது.

வேலைக்கு நடுவே மச்சான் போனில் படம் காட்டினான். 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் செய்த கருங்காலி நாற்காலி. முறுக்கிய கால்கள், முதுகுப் பக்கமெல்லாம் பூக்கொடி. செதுக்காத இடம் என்று விரல் வைக்கக்கூட இல்லை. சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்தால் அவர் முதுகிலும் ஒரு பூக்கொடி இருக்கும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்திலும் இந்த வகை வேலைப்பாட்டை வைத்திருக்கிறார்கள். சில நாற்காலிகள் இங்கிலாந்துக்குப் போய், எங்கிருந்து வந்தன என்பதே மறந்துபோய், 18-ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்பவர் கண்ணில் பட்டன. அவர் அப்பா இங்கிலாந்துக்குப் பிரதமராக இருந்தவர். இவர் 1764-இல் பேய்க்கோட்டை நாவல் எழுதியவர். கறுப்பாக இருக்கிறது, பழசாக இருக்கிறது, கால் முறுக்கியிருக்கிறது, அப்புறம் என்ன? டியூடர் அரசர்கள் காலத்து ஆங்கிலேய வேலைப்பாடு என்று முடிவுகட்டி வாங்கி, ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் அடுக்கிவிட்டார். பழம்பொருள் பித்துப் பிடித்த மற்றவர்களும் அப்படியே நம்பினார்கள். எட்டாம் ஹென்றி காலத்துச் சொத்து என்று நினைத்து நம் ஆசாரிகள் செய்த நாற்காலியில் பிரபுக்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு வால்போல் மேல் கோபமே இல்லை. இந்தக் கரை ஆசாரி செய்ததை அவர் ஆங்கிலேயன் செய்தது என்றார். என் மச்சான் அதையே டச்சுக்காரன் செய்தது என்கிறான். இருநூற்றைம்பது வருஷத்தில் ஆசாரிக்கு ஏற்பட்ட முன்னேற்றம் அவ்வளவுதான்.

செய்யாத வேலைக்கும் நமக்குப் பேர் கிடைத்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஐரோப்பிய ஏலங்களில் ‘கோரமண்டல் திரை’ என்று கறுப்பு லாக்கர் பூச்சில் செதுக்கி வண்ணம் நிரப்பிய மடக்குத் திரைகள் கொழுத்த விலைக்குப் போகும். அத்தனையும் சீனாவில் செய்தது. ஐரோப்பாவுக்குப் போகிற வழியில் நம் கரைத் துறைமுகங்களில் கப்பல் மாறியதால் நம் சோழமண்டலப் பேர் ஒட்டிக்கொண்டது. மரச் சாமான் உலகத்தில் பூசினவன் ஒருவன், பேர் வாங்கினவன் ஒருவன். இன்றைக்கு நம் ஊர்க் கடைவீதியில் தொங்குகிற கருங்காலி மாலைகளில் பலவும் ஏதோ ஒரு வெளிர் மரத்தை உருட்டிச் சாயத்தில் முக்கியவைதான். சித்திரை மாசம் வியர்த்தால் கழுத்தே சாட்சி சொல்லும்.

கருங்காலி என்ற பேச்சு ஆயா காதில் விழுந்தது. “கருங்காலின்னா தண்ணில முழுகும்டா. ஏரில தூக்கிப் போட்டுப் பாரு” என்றது.

உண்மைதான். கருங்காலியின் வைரம் தண்ணீரைவிடக் கனம். கல்லோடு கல்லாகக் கீழே போகும். ஆனால் பழவேற்காட்டு ஏரியில் பெரும்பாலான இடத்தில் இடுப்பளவுகூடத் தண்ணீர் இருக்காது. நாற்காலி முழுகினாலும் தரைதட்டி நிற்கும். போகிறவன் எவனாவது அதில் உட்கார்ந்து தூண்டில் போட்டுவிடுவான். அதனால் அடிச்சட்டத்தில் ஏற்கனவே விண்டிருந்த ஒரு சிம்பை எடுத்துச் சொம்புத் தண்ணீரில் போட்டோம். மிதந்தது. மச்சான் விரலால் அமுக்கினான். விரலை எடுத்ததும் மேலே வந்தது.

“உள்ள காத்து இருக்குமோ மாமா?” என்றான்.

ஆசாரி சிம்பை வாங்கி வேட்டியில் துடைத்து, “பூவரசு” என்றார். முன்கால் ஒன்று மட்டும் வேம்பு, யாரோ பின்னால் மாற்றியது. ஏரிக்கரையில் ஆடு கட்டுகிற அதே பூவரசு. ஆனால் பெயிண்ட் போன இடத்தில் மரத்தைப் பார்க்க வேண்டும்: சாக்லேட் பழுப்பில் நடுவே கறுப்பும் செம்மையும் ஓடி, ஈரத் துணியால் துடைத்தபோது உள்ளிருந்து விளக்கு ஏற்றியதாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் இதன் மேல் படகுப் பெயிண்டைக் குழைத்துப் பூசியிருக்கிறோம்.

மச்சானுக்கு அது போதவில்லை. கறுப்பாக்கிவிடலாம் என்றான். வழியும் வைத்திருந்தான். காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் போட்டுப் புளிக்கவைத்து ஒரு கரைசல் எடுப்பார்கள். கடுக்காய் ஏறிய துணியில் அது பட்டதும் கறுக்கும். மரத்திலும் கடுக்காய்த் தண்ணீரைத் தடவி, காய்ந்ததும் இந்தக் கரைசலைப் பூசினால் மையாகப் பிடித்துக்கொள்ளும். கடை ஸ்டெயினைவிட நல்ல முறைதான். ஆயா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. “எனக்கே நான் டை அடிச்சிக்கல. நாற்காலிக்கு எதுக்குடா?”

சரி, இருக்கிற நிறத்திலேயே பளபளப்பாக்கலாம் என்று அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்தான். ஜார்க்கண்ட் காட்டில் ஒரு பூச்சி மரக்கிளையில் கக்கி வைப்பது அரக்கு. அதற்குக் கடையில் பேர் பிரெஞ்சு பாலிஷ். பூச்சிக்கும் ஆசாரியின் கதிதான். பஞ்சைத் துணியில் பொதிந்து, பாலிஷில் தோய்த்து, எட்டு எட்டாகப் போட்டுத் தேய்த்தான். மத்தியானம் கைப்பிடியில் முகம் தெரிந்தது. சாயங்காலம் கிழக்கே கறுத்து மழை பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் நாற்காலி முழுக்க வெள்ளைத் திட்டு. ஈரக்காற்றில் ஸ்பிரிட் ஆறும்போது ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு இப்படித்தான் வெளுக்கும்.

“டை வேணாம்னு சொன்னேன், நரை வெச்சிட்டான்” என்றது ஆயா.

அடுத்த முறை பெரியப்பாவுடையது. மரப்படகுகளுக்குக் குங்கிலியம் காய்ச்சி, இடுக்கு அடைத்து, எண்ணெய் போட்டு வாழ்ந்தவர். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வந்து குவிந்ததும் அவர் கைக்கு வேலையில்லாமல் போயிற்று. முந்திரிக்கொட்டை எண்ணெயை அவரே வேண்டாம் என்றார். செல்லும் அரிக்காது, மரமும் உளுக்காது, ஆனால் காயுமுன் உட்கார்ந்தவர் தோல் கொப்புளித்துவிடும். அதனால் மீன் எண்ணெய். ஸ்பிரிட்டால் அரக்கைத் துடைத்தெடுத்து, இரண்டு கை மீன் எண்ணெய் ஊட்டினார். மரம் ஆசையாகக் குடித்தது. ராத்திரிக்குள் தோணிரேவுப் பூனைகள் மொத்தமும் திண்ணைக்குக் குடிவந்தன. நாற்காலியில் மூன்று, அடியில் நான்கு, இடம் கிடைக்காதவை படியில். ஆயா ஒரு வாரம் தரையில் உட்கார்ந்து அவற்றைத் திட்டிக்கொண்டிருந்தது. மச்சான் சென்னைக்குப் போய்விட்டான், போனில் விசாரித்தான்.

பொங்கல் கழிந்து காற்று காய்ந்த பிறகுதான் விஷயம் முடிந்தது. வெயிலில் நாள் கணக்காக வைத்து வாடையை இறக்கி, 220 உப்புத்தாளால் லேசாகத் தடவி, ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து மெல்லிசாக ஊட்டி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை ஒட்டத் துடைத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் நாலு நாள் இடைவெளி விட்டு, கடைசியில் தேன்மெழுகு. உப்புக் காற்றடிக்கிற கரையில் கண்ணாடி வார்னிஷ் உரியும், பாலிஷ் வெளுக்கும். எண்ணெய் மங்கினால் துணியால் இன்னொரு தடவை தடவிக்கொள்ளலாம். ஆசாரியைத் தேட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். காயும்போது சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

ஆயா உட்கார்ந்து பார்த்து, “வழுக்குது” என்று மட்டும் சொன்னது. மச்சான் இப்போது பூவரசு நாற்காலியாகத் தேடி அலைகிறான்; காரைக்குடியில் டீ கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று கேள்வி. உங்களிடமும் யாராவது பழவேற்காட்டுக் கருங்காலி, டச்சுக்காரன் உட்கார்ந்தது என்று நாற்காலிக்கு விலை சொன்னால், அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு சிம்பும் ஒரு சொம்புத் தண்ணீரும் கேளுங்கள்.