ஐந்து நட்சத்திர வெந்நீர்

கோயம்புத்தூர்க்காரனுக்குப் பம்ப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பம்ப் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கிணற்றில் கிடப்பதை மேலே ஏற்றுகிறது. ஹீட் பம்ப்பும் அப்படித்தான். காற்றில் கிடக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீரில் ஏற்றுகிறது. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு. ஏசியும் இதே இனம்தான். என்ன, அறைச் சூட்டை அள்ளித் தெருவில் வீசுகிறது.

இனி நம் வீட்டு லட்சணத்தைப் பாருங்கள். படுக்கையறையில் ஒன்றரை டன் ஏசி. முழு மூச்சில் ஓடினால் 5 கிலோவாட் சூட்டை அள்ளும். தான் தின்ற மின்சாரத்தையும் சேர்த்து, 6 கிலோவாட்டுக்கு மேல் எதிர்வீட்டு ஜன்னலில் கொட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. சித்திரை வெயிலிலும் நமக்கு வெந்நீர் இல்லாமல் குளியல் இல்லை. அங்கே 2,000 வாட் கீசர் சூட்டைப் புதிதாகத் தயாரிக்கிறது. ஒரே வீடு. ஒரே மீட்டர். சூட்டை விரட்டவும் காசு, வரவழைக்கவும் காசு.

கீசரில்தான் ஐந்து நட்சத்திரம் இருக்கிறதே என்பீர்கள். அந்த நட்சத்திரம் எதற்கு? காய்ந்த தண்ணீரை ஆறவிடாமல் டேங்க் எவ்வளவு நன்றாகக் காக்கிறது என்பதற்கு. நட்சத்திரம் கொடுக்கும் மத்திய அரசின் பிஇஇ அளப்பது அதைத்தான். காய்ச்சும் கம்பி, ஒரு நட்சத்திரத்திலும் அதே கம்பி. பாத்திரத்துக்குச் சான்றிதழ். அடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

காந்திபுரத்தில் ஒரு கடையில் ஹீட் பம்ப் கேட்டேன். "அது ஹாஸ்டலுக்கு, ஓட்டலுக்குப் போடறதுங்ணா. வீட்டுக்கு எதுக்குங்க?" என்றார் விற்பனைத் தம்பி. கையோடு ஏசிக்குத் தவணைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். தம்பி மேல் தப்பில்லை. ஹீட் பம்ப்பின் விலை கீசரைப் போலப் பல மடங்கு.

விலையைக் குறைக்க வேண்டியவர்களுக்கு வேறு வேலை இருந்தது. 2025 ஜூனில், ஏசியை 20 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாதபடி விதி வரும் என்றார் மத்திய அமைச்சர் மனோகர் லால் கட்டர். சிக்கனமாம். செப்டம்பர் 22 முதல் அதே ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஜூனில் குறைத்துப் போடு. செப்டம்பரில் நிறைய வாங்கு.

இந்த ஊருக்கு ஏசி எதற்கு என்று கேட்ட காலம் ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று சும்மா வந்தது. இப்போதும் வருகிறது. அதே காற்றில்தான் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. அந்தக் கரண்டைக் கம்பி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தக் காற்று உள்ளே நுழையாதபடி ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொள்கிறோம். அவிநாசி சாலையில் மரங்களை வெட்டினார்கள். 1,791 கோடி ரூபாயில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் வந்துவிட்டது. நிழல் கேட்டவர்கள் தூண்களுக்கு அடியில் நின்றுகொள்ளலாம்.

டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். கண்ணாடிக் கட்டடத்தில், ஸ்வெட்டர் போடுகிற குளிரில், கருத்தரங்கு நடக்கும். வெளியே அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம். மின்சாரத்தை வீணாக்காதீர் என்ற அட்டை அவர்கள் கையில்தான். வீணாக்க அவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது? இரண்டு லைட். ஒரு ஃபேன்.